பில் வராத பிரசவமும் கணக்கில் வராத செலவும்

அமெரிக்காவில் பிரசவத்துக்காக வைத்தியசாலை சென்று வந்த தாய்மாருக்குப் பின்னர் வந்து சேரும் பில்களின் படங்கள் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றுகின்றன. அம்புலன்ஸுக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று, விறைப்பு மருந்து கொடுத்த வைத்தியருக்கு ஒன்று, பிறந்த குழந்தையின் பெயரில் இன்னொன்று. ஜிந்துப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ இருந்து அவற்றைப் பார்க்கும் எங்களுக்கு முதலில் தோன்றுவது நிம்மதிதான். நல்ல காலம், இங்கே அப்படியில்லை.

அந்த நிம்மதிக்கு வலுவான காரணம் உண்டு. இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் பணம் கேட்பதில்லை. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ குழந்தை பெற்று வீடு திரும்பும் தாயின் கையில் பில் திணிக்கப்படுவதில்லை. ஆனால் பில் இல்லை என்பதையே செலவு இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. செலவு இருக்கிறது. அதை எவரும் எழுதி வைப்பதில்லை. எழுதப்படாத காரணத்தால் அதைப் பற்றிப் பேசவும் முடிவதில்லை.

அமெரிக்காவின் கதையை இங்கே எடுப்பது அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கல்ல. இலவசம் என்ற அத்திவாரம் இல்லாதுபோனால் என்ன நடக்கும் என்பதை அந்த நாடு காட்டுகிறது. அத்திவாரம் மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்வியை எங்கள் பக்கம் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பில் எப்படி உருவாகிறது

பீட்டர்சன் நிலையமும் கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு அமைப்பும் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று, பெரிய நிறுவனங்களின் ஊடாகக் காப்புறுதி பெற்ற பெண்களின் 2018 முதல் 2020 வரையான செலவுகளைக் கணக்கிட்டது. கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்திய பராமரிப்பு ஆகியவற்றுக்கான சராசரிச் செலவு 18,865 டொலர். அதில் 2,854 டொலரைக் குடும்பமே கையிலிருந்து செலுத்தியிருந்தது. சத்திரசிகிச்சைப் பிரசவம் என்றால் மொத்தச் செலவு 26,280 டொலர். இவை நல்ல காப்புறுதி உள்ளவர்களின் கணக்கு என்பதை மறந்துவிடக்கூடாது.

காப்புறுதி இருந்தும் ஏன் பணம் கட்ட வேண்டியிருக்கிறது? அங்குள்ள பெரும்பாலான திட்டங்களில், காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட தொகையை நோயாளியே செலுத்தி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு பங்கு அவர் தலையில் விழும். கருத்தரித்தது ஓர் ஆண்டிலும் குழந்தை பிறந்தது அடுத்த ஆண்டிலும் என்றால் அந்தத் தொகையை இருமுறை கட்ட நேரிடலாம். பிறந்த குழந்தை தனி நோயாளி. அதற்குத் தனிக் கோப்பு, தனிப் பில்.

அம்புலன்ஸ் இன்னும் சிக்கலானது. அங்கே அது ஒரே தேசிய சேவையல்ல. சில இடங்களில் தீயணைப்புப் பிரிவும், சில இடங்களில் உள்ளூராட்சி மன்றமும், வேறு இடங்களில் தனியார் நிறுவனங்களும் அதை நடத்துகின்றன. வண்டி வந்ததற்கு ஒரு கட்டணம், ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கட்டணம். வலியோடு துடிக்கும் பெண்ணால் எந்த நிறுவனத்தின் வண்டி வர வேண்டும் என்று தெரிவு செய்ய முடியாது. வந்த வண்டி அவருடைய காப்புறுதி நிறுவனத்துடன் ஒப்பந்தம் இல்லாததாக இருந்தால் மிகுதிப் பணம் அவரிடமே கேட்கப்படும். எதிர்பாராத பில்களைத் தடுப்பதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆகாய மார்க்க அம்புலன்ஸ்களை உள்ளடக்கிய அந்தச் சட்டம், தரை வழி அம்புலன்ஸ்களை வெளியே விட்டுவிட்டது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே பின்னர் சொந்தச் சட்டங்களால் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தன.

பிரசவ வலியோடு வாசலுக்கு வந்தவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஆனால் சிகிச்சைக்குப் பின்னர் பில் அனுப்பக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றும் கடமை வைத்தியசாலைக்கு, அதற்கான கடன் குடும்பத்துக்கு என்பதே அங்குள்ள ஏற்பாடு.

இவ்வளவு செலவழித்தும் தாய்மார் பாதுகாப்பாக இருக்கிறார்களா? 2021இல், கொவிட் காலத்தில், அமெரிக்காவில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 32.9 தாய்மார் இறந்தனர். 2023இல் அது 18.6 ஆகக் குறைந்தது. ஆனால் அதே 2023இல் கறுப்பினத் தாய்மாரிடையே அது 50.3. ஒரே நாடு, ஒரே வைத்தியசாலை முறைமை, வெவ்வேறு மரண வீதம். யார் எங்கே பிறந்தார், எந்தத் தோலோடு பிறந்தார் என்பது உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பை மாற்றுகிறது. இந்த வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எங்கள் வாசகர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

இங்கே பில் ஏன் வருவதில்லை

இலங்கையில் பிரசவம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2020ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீட்டில் அது 29. அமெரிக்காவின் செல்வத்தில் ஒரு சிறு துளிகூட இல்லாத நாடு இந்த இடத்துக்கு வந்தது ஓர் அதிசயத்தால் அல்ல. பல தலைமுறைகள் எடுத்த, இப்போது எவரும் நினைத்துப் பார்க்காத சில முடிவுகளால்.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879இல் ஒரு கொடையாளரின் பணத்தில் தொடங்கியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டபோது, நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல் மருத்துவமாது வீடு தேடிப் போகும் முறை ஆரம்பித்தது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் அகற்றப்பட்டது. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரச வைத்தியசாலைகளில்.

வடக்குக்கு இந்தக் கதையில் தனி அத்தியாயம் உண்டு. அதில் அமெரிக்காவும் வருகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். அவர் தமிழாக்கிய நூல்களில் பிரசவ மருத்துவ நூலும் ஒன்று. 1898இல் அதே மிசன் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலையைத் திறந்தது. பிரசவத்தைப் பற்றித் தாயின் மொழியிலேயே பேச வேண்டும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அமெரிக்கர் விளங்கி வைத்திருந்தார். 21ஆம் நூற்றாண்டுக் கொழும்பில் அது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

அம்புலன்ஸ் சேவை மிகப் பிந்தியே வந்தது. 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் 88 வண்டிகளைக் கொண்டு மேல், தென் மாகாணங்களில் 1990 சுவசெரிய ஆரம்பிக்கப்பட்டது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வட மாகாணத்துக்கு விரிந்தது. அதே ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அது ஓர் அரச மன்றமாக்கப்பட்டது. பின்னர் நாடு முழுவதற்குமாக வண்டிகளின் எண்ணிக்கை 297 ஆனது. அதாவது, இலங்கையில் வைத்தியசாலைக் கட்டணம் ஒழிக்கப்பட்ட பின்பும், வீட்டிலிருந்து வைத்தியசாலை வாசல் வரையான தூரத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு பொறுப்பேற்கவில்லை. உள்ளே எல்லாம் இலவசம். உள்ளே வந்து சேர்வது உங்கள் பாடு.

ஜிந்துப்பிட்டியில் ஒரு கணக்கு

ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழ்பவர்கள் யார்? புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள், செட்டியார் தெரு நகைக்கடைகளில் நாட்கூலிக்கு நிற்பவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். மலையகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களும் உண்டு, போருக்குத் தப்பி வடக்கு கிழக்கிலிருந்து வந்து திரும்பிப் போகாதவர்களும் உண்டு. கொழும்பின் பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகள் இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். மாநகர சபையின் தாய் சேய் சிகிச்சை நிலையங்களும் மருத்துவமாதுக்களும் இருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் நாட்டிலேயே மிகவும் வசதியான இடங்களில் ஒன்று.

இங்கே ஒரு பிரசவத்துக்கு என்ன செலவாகும் என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

முதலில் ஸ்கான். அரச சிகிச்சை நிலையத்திலும் எடுக்கலாம். ஆனால் திகதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அந்தத் திகதியில் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். நாட்சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அந்த அரை நாளும் பணம்தான். ஆகவே பலர் கடன் பட்டாவது வெளியே எடுத்துவிடுகிறார்கள். அடுத்து இரத்தப் பரிசோதனைகள். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மருந்துக் கலவை முடிந்துவிட்டால், அல்லது அறிக்கை உடனே தேவை என்றால், துண்டு எழுதித் தருவார்கள். துண்டு எழுதுவதற்குக் கட்டணமில்லை. அதைக் கொண்டு போகும் இடத்தில் கட்டணமுண்டு.

மூன்றாவது, சனல் பண்ணுவது. பகலில் அரச வைத்தியசாலையில் பார்க்கும் அதே மகப்பேற்று நிபுணரை மாலையில் தனியார் வைத்தியசாலையில் பணம் கொடுத்துப் பார்க்க முடியும். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய 1977க்குப் பின் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. ஆனாலும் "ஒருக்காலாவது வி.ஓ.ஜி.யைச் சனல் பண்ணினால்தான் வார்ட்டில் எங்களைத் தெரியும்" என்ற எண்ணம் தாய்மாரிடம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் சரியோ பிழையோ, அதற்காகச் செலவழிக்கப்படும் பணம் உண்மையானது. இலவசச் சேவையில் தனக்குரிய கவனம் கிடைக்கும் என்று நம்ப முடியாத ஏழை, அந்த நம்பிக்கையை விலை கொடுத்து வாங்குகிறார்.

நான்காவது, பயணம். 1990 அவசரத்துக்கானது. மாதாந்தக் கிளினிக்குக்கும், வலி வந்ததா இல்லையா என்று சந்தேகத்தில் போய்த் திரும்புவதற்கும், தையல் போட்ட உடம்போடும் கைக்குழந்தையோடும் வீடு வருவதற்கும் முச்சக்கரவண்டிதான். இங்குள்ள தோட்டங்கள் எனப்படும் குடியிருப்புகளின் சந்துகளுக்குள் அம்புலன்ஸ் நுழைய முடியாத இடங்களில் அவசரத்துக்கும் அதுதான், பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோவாக இருந்தாலும். ஐந்தாவது, வார்ட்டுக்குக் கொண்டு போக வேண்டிய பை. குழந்தைத் துணி, சவர்க்காரம், துவாய், நப்கின், சுடுதண்ணீர்ப் போத்தல். ஆறாவது, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்ப்பதற்காக வேலைக்குப் போகாமல் நிற்கும் அம்மம்மாவின் அல்லது சித்தியின் சம்பளம்.

ஏழாவதுதான் பெரியது. அது தாயின் சொந்த வருமானம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் தொழில் புரியும் தாய்க்குச் சம்பளத்துடன் விடுமுறை தருகின்றன. 2018இல் செய்யப்பட்ட திருத்தங்களுக்குப் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் அது 84 நாட்கள். 84 நாள் என்பது 12 வாரம். அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தருவதும் 12 வாரம்தான், ஆனால் சம்பளம் இல்லாமல், அதுவும் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் இடங்களில். தாளில் பார்த்தால் நாங்கள் முன்னால் நிற்கிறோம். ஆனால் மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவும் ஜிந்துப்பிட்டிப் பெண்ணுக்கு நியமனக் கடிதமும் இல்லை, 84 நாளும் இல்லை. அவர் வேலையை விடுகிறார், அல்லது உடம்பு ஆற முன்பே திரும்பிப் போகிறார். இந்த இடத்தில் அவருக்கும் அமெரிக்காவில் மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் அரைவாசியை அண்டிய பங்கு மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது. இலவசச் சுகாதாரம் உள்ள நாடு என்ற பெருமையோடு இந்த உண்மையையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும்.

பணத்தில் சொல்ல முடியாத செலவு

தமிழ்த் தாய்மாருக்கு இன்னொரு செலவும் உண்டு. கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளில் வைத்தியரோ தாதியோ சொல்வதை முழுமையாக விளங்கிக்கொள்ள, பக்கத்துக் கட்டிலில் சிங்களம் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது. எங்கே வலிக்கிறது, எப்போது நீர் உடைந்தது, குழந்தை துடிக்கிறதா என்பன உயிரோடு தொடர்புபட்ட கேள்விகள். அவற்றுக்கு அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்லும் ஒரு பெண்ணின் தயக்கத்துக்கு எந்தப் பில்லிலும் இடமில்லை. அரச நிறுவனங்களுடன் தமிழில் தொடர்பு கொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு ஏற்று மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிறது. பிறப்புச் சான்றிதழில் தமிழ்ப் பெயர் பிழையாக எழுதப்பட்டு, பிள்ளை பாடசாலை சேரும்போதும் கடவுச்சீட்டு எடுக்கும்போதும் அதைத் திருத்த அலைவதும் பிரசவச் செலவின் நீண்ட வால்தான்.

போர்க்காலத்தில் இந்தச் செலவு வேறு வடிவில் இருந்தது. வடக்கிலிருந்து சிகிச்சைக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் கொழும்பு வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் தங்கினார்கள். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, விசாரணை ஆகியவற்றுக்கு ஊடாகவே வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே அதற்குத் தடை விதித்தது. மருத்துவத்துக்காக வந்தவர்களும் அந்த விடுதிகளில் இருந்தார்கள். இலவச வைத்தியசாலைக்குப் போகும் வழியே அவர்களுக்கு மூடப்பட்டது.

அதேவேளை இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வன்னி அரசின் கட்டுப்பாட்டில் இல்லாதிருந்த ஆண்டுகளிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு அரச வைத்தியசாலைகள் இயங்கின. அங்கிருந்த அரச வைத்தியர்களும் ஊழியர்களும் சுகாதார அமைச்சின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தார்கள். போர் எல்லைக்கு அப்பாலும் பில் இல்லாமல் குழந்தைகள் பிறந்தன. பின்னர் 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளானது. அந்த மாதம் முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு, காயப்பட்டோர், நோயாளர், அவர்களுடன் சென்றோர் என 13,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல் வழியாக வெளியேற்றியது. அம்புலன்ஸ் ஓட வழியில்லாத இடத்தில் கப்பல் அம்புலன்ஸானது. ஒரு வைத்தியசாலை வீட்டுக்கு எட்டும் தூரத்தில், பணம் கேட்காமல், எறிகணை விழாமல் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று இந்தச் சமூகத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர் முடிந்த பின்னும் நம்பிக்கை தானாகத் திரும்பிவிடவில்லை. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு போன்ற கிராமங்களில், போதிய விளக்கமும் சுதந்திரமான சம்மதமும் இல்லாமல் பெண்களுக்குக் கருத்தடைக் குளிசைக்குச்சிகள் கையில் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2024 ஜூலையிலும் நவம்பரிலும் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிரசவத்தோடு தொடர்புபட்டு நிகழ்ந்த மரணங்கள் மக்களை வீதிக்குக் கொண்டுவந்தன. நவம்பரில் இறந்தது தாயும் சேயும். இந்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு நிபுணர்களால் மீளாய்வு செய்யப்படும் ஏற்பாடு பல காலமாக உண்டு. எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த மீளாய்வு வைத்தியத் துறை தன்னைத் திருத்திக்கொள்வதற்கானது. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, அவர்களுடைய மொழியில், என்ன நடந்தது என்று சொல்லும் கடமையை அது நிறைவேற்றுவதில்லை. இலவசமாகக் கிடைத்த சேவையைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்ற மனநிலை இரு பக்கத்திலும் இருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கும் சேவை தானமல்ல. தேங்காயும் பருப்பும் வாங்கும்போது ஜிந்துப்பிட்டி நாட்டாமையும் அந்த வரியைக் கட்டுகிறார்.

அமெரிக்காவிலிருந்து வரும் எச்சரிக்கை

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்தது. மருந்துகளும் ஊசிகளும் கையுறைகளும் தட்டுப்பட்டன. இலவச வார்ட்டில் படுத்திருந்தவர்களின் உறவினர்கள் துண்டுகளோடு பார்மசிகளுக்கு ஓடினார்கள். வைத்தியர்கள் வெளிநாடு போனார்கள். கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்த பின் அரச செலவு ஒவ்வொன்றும் கண்ணாடி போட்டுப் பார்க்கப்படுகிறது. "வசதியுள்ளவர்களிடம் ஒரு சிறு கட்டணம் எடுத்தால் என்ன?" என்ற குரல் இத்தகைய காலங்களில் எப்போதும் நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் கட்டணம் என்ற கதவு திறந்துவிட்டால் வசதியுள்ளவர் யார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு ஏழையின் தலையில் விழும். அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களின் செலவை ஏழைகளுக்கான அரச காப்புறுதியான மெடிக்கெய்ட் ஏற்கிறது. 2025 ஜூலையில் அங்கு கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம் அந்த நிதியை வெட்டியது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய திட்டத்தை வெட்டுவது எல்லோருக்குமான திட்டத்தை வெட்டுவதைவிட எப்போதும் சுலபம்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் அமைதியாக வருகிறது. 2019இல் இலங்கையில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் பதிவாகின. 2024இல் அது 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறப்புகள் குறைந்தபோது, இலாபமில்லை என்று வைத்தியசாலைகள் பிரசவ வார்ட்டுகளை மூடின. இன்று அந்நாட்டின் மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரசவ வசதி எதுவுமற்றவை என்று மார்ச் ஒவ் டைம்ஸ் அமைப்பு கணித்துள்ளது. அம்புலன்ஸ் பில் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூரம் கூடினால் மைல் கணக்கும் கூடும்.

இங்கேயும் பிரசவங்கள் நிபுணர்கள் உள்ள பெரிய வைத்தியசாலைகளில் குவிகின்றன. பாதுகாப்பு என்ற வகையில் அது சரியே. ஆனால் அருகிலிருந்த சிறிய வைத்தியசாலையின் பிரசவ அறை மூடப்படும்போது, மிச்சமாகும் பணம் அரசின் கணக்கிலும், கூடும் தூரம் தாயின் கணக்கிலும் சேர்கின்றன. நெடுந்தீவுப் பெண்ணுக்கு அந்தத் தூரம் கடல். அவசரத்தில் கடற்படைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். மலையகத் தோட்டத்தில் அது லொறிப் பாதை.

என்ன கேட்கலாம்

பெரிய கனவுகள் தேவையில்லை. ஏற்கனவே எங்காவது நடைமுறையில் இருப்பவற்றைக் கேட்டாலே போதும்.

இந்தியா 2011 ஜூனில் ஆரம்பித்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ், அரச வைத்தியசாலையில் பிரசவிக்கும் தாய்க்கு வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கும், ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கும், முடிந்தபின் வீட்டுக்கும் இலவசப் போக்குவரத்து உரிமையாக உண்டு. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் உரிமை எழுத்தில் இருக்கிறது. அந்த நாட்டின் நன்கொடையில் அம்புலன்ஸ் பெற்ற நாங்கள், தையலோடு வீடு திரும்பும் தாய்க்கும் ஒரு வண்டி வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

கர்ப்பகாலத்துக்கு அவசியமான ஸ்கான்களும் பரிசோதனைகளும் வெளியே துண்டு எழுதப்படாமல் அரச நிலையத்துக்குள்ளேயே முடிய வேண்டும். வெளியே எழுதப்பட்டால் அது பதிவாக வேண்டும். தமிழர் செறிந்து வாழும் வட கொழும்பிலிருந்து தாய்மாரைப் பெறும் வைத்தியசாலைகளின் பிரசவ வார்ட்டுகளில், ஒவ்வொரு கடமை நேரத்திலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்வோர் உள்ளிட்ட முறைசாராத் தொழிலாளருக்கு 84 நாளின் பெறுமதியில் ஒரு பங்கையாவது தரும் நிதி ஒன்று அமைக்கப்பட வேண்டும். தாய் மரண மீளாய்வின் முடிவைக் குடும்பத்துக்கு அவர்களுடைய மொழியில் விளக்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரு சிறிய வேலை இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் அவருடைய நிறை, இரத்த அழுத்தம், இரும்புச்சத்து, குழந்தையின் வளர்ச்சி எல்லாம் எழுதப்படுகின்றன. இந்த மாதம் வெளியே எத்தனை ரூபாய் செலவழித்தார் என்பதை எழுத அதில் இடமில்லை. அமெரிக்கத் தாயின் பில் கொடியது. ஆனால் ஒவ்வொரு கட்டணமும் அதில் எழுதப்பட்டிருப்பதால் அவர் அதைத் தூக்கிக் காட்டிச் சண்டை பிடிக்கிறார், பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டங்கள் மாறுகின்றன. எங்கள் தாய்மாரிடம் தூக்கிக் காட்ட எதுவுமில்லை.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை. மாநகர சபையின் சிகிச்சை நிலையமொன்றிலேயே தொடங்கலாம். அதுவரை ஜிந்துப்பிட்டித் தாய்மார் ஒரு கொப்பியில் தாங்களே எழுதி வைக்கலாம். ஓராண்டுக்குப் பிறகு நூறு கொப்பிகள் சேர்ந்தால், இலவசம் என்ற சொல்லின் உண்மையான விலை என்ன என்பது தெரிந்துவிடும்.